கொழுகொம்பு தேடும் நரம்புகள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

அரிவாள்மனையில் விரல் பட்டால் சில நாள்களில் காயம் ஆறிவிடுகிறது. கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்களில் கூடிவிடுகிறது. ஆனால் முதுகின் நடுவே ஓடும் தண்டுவடம் அறுபட்டால் மட்டும் மருத்துவர்கள் கையை விரித்துவிடுகிறார்களே, ஏன்? மரத்திலிருந்து தவறி விழுந்தவர்களும், சாலை விபத்தில் அடிபட்டவர்களும் எஞ்சிய காலம் முழுவதையும் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ கழிக்க நேர்கிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1939-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்து, 2017-ஆம் ஆண்டு மறைந்தவர். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சிறிது காண்போம்.

தந்திக் கம்பிகள்

நமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவிலிருந்தும் நூல் போன்ற இழை ஒன்று நீண்டு செல்கிறது. சில இழைகள் மூளையில் புறப்பட்டுத் தண்டுவடத்தின் வழியே இடுப்பு வரை இறங்குகின்றன. இழையின் நுனி அடுத்த நரம்பணுவைச் சந்திக்கும் இடத்திற்கு நரம்பிணைப்பு என்று பெயர். ‘காலைத் தூக்கு’ என்று மூளை இடும் கட்டளை, தந்திக் கம்பியில் செய்தி ஓடுவதுபோல இந்த இழைகளின் வழியாகவே காலுக்குச் செல்கிறது. தண்டுவடம் அறுந்தால் கம்பி அறுந்துவிடுகிறது. மூளையும் நன்றாக இருக்கிறது, காலும் நன்றாக இருக்கிறது. ஆனால் செய்தி போய்ச் சேர வழியில்லை.

கை, கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடியது. மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வாறு நடப்பதில்லை. ஸ்பெயின் நாட்டு மேதையும், 1906-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவருமான ராமோன் இ கஹால், வளர்ந்த மனிதனின் மூளைப் பாதைகள் மாற்ற முடியாதவை, அங்கே எதுவும் மீண்டும் முளைப்பதில்லை என்று எழுதினார். இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்ற முடியுமானால், அது வருங்கால விஞ்ஞானத்தின் பொறுப்பு என்றும் அவர் சொல்லிவைத்தார். அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் தீர்ப்பின் முதற் பகுதியையே பலரும் நினைவில் வைத்திருந்தனர்.

காலியான இடம்

ரெய்ஸ்மன் இளைஞராக ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றியபோது, எலியின் மூளையில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டார். அப்பகுதிக்கு இரண்டு வேறு இடங்களிலிருந்து நரம்பிழைகள் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒரு தொகுதியை மட்டும் அவர் துண்டித்தார். சில வாரங்கள் சென்றபின் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். துண்டிக்கப்பட்ட இழைகள் அழிந்து, அவற்றின் இணைப்புகள் காலியாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அந்த இடங்கள் காலியாக இல்லை. துண்டிக்கப்படாத மற்றத் தொகுதியின் இழைகள் அங்கே புதிய இணைப்புகளை ஏற்படுத்தியிருந்தன!

1969-ஆம் ஆண்டு அவர் இதை வெளியிட்டார். வளர்ந்த மூளையிலும் புதிய இணைப்புகள் உண்டாகும் என்பதைக் கண்ணால் காணத்தக்க சான்றோடு காட்டிய முன்னோடி ஆராய்ச்சி அது. மூளையின் இந்த மாறும் இயல்பை நெகிழ்திறன் என்கிறோம். பக்கவாதம் வந்தவர் இடைவிடாத பயிற்சியினால் ஓரளவு பேசவும் நடக்கவும் மீண்டும் பழகுகிறாரே, அதற்கு உதவுவதும் இந்தத் திறன்தான்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்து இழை புதிய இணைப்பை உண்டாக்குவது வேறு. அறுந்த இழை தன் பழைய வழியில் நெடுந்தூரம் வளர்ந்து செல்வது வேறு. இழைக்கு வளரும் ஆற்றல் இருந்தும் அது ஏன் செல்வதில்லை? வழி அடைபட்டிருப்பதே காரணம் என்று ரெய்ஸ்மன் கருதினார். காயம் பட்ட இடத்தில் தழும்பு உண்டாகி, இழை செல்லும் பாதையை மூடிவிடுகிறது. கொடி உயிரோடுதான் இருக்கிறது, அது பற்றிப் படரக் கொழுகொம்புதான் இல்லை.

மூக்கு தந்த விடை

கொழுகொம்பை அவர் கண்டுபிடித்த இடம் நாம் எதிர்பாராத இடம். அது நமது மூக்கு!

நாம் மல்லிகையையும் மண்வாசனையையும் உணர்வது மூக்கின் மேற்பகுதியில் உள்ள மோப்ப நரம்பணுக்களால். வெளிக்காற்றும் தூசியும் படுவதால் அவை அடிக்கடி அழிகின்றன. வாழ்நாள் முழுவதும் புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. புதிதாய்ப் பிறந்த ஒவ்வொன்றும் தன் இழையை மூளைக்குள் அனுப்பி இணைப்பை ஏற்படுத்தியாக வேண்டும். மற்ற எங்கும் அடைத்திருக்கும் கதவு இங்கே மட்டும் எப்படித் திறக்கிறது? அந்த இழைகளைப் போர்வைபோல் சுற்றிக்கொண்டு மூளைக்குள் அழைத்துச் செல்லும் தனிவகை உறை அணுக்கள் அங்கே இருக்கின்றன. 1985-ஆம் ஆண்டு ரெய்ஸ்மன் இவற்றின் சிறப்பை எடுத்துக் காட்டினார்.

இந்த அணுக்களைத் தண்டுவடக் காயத்தில் வைத்தால் என்ன? அவரும், யிங் லீ, பாலின் ஃபீல்டு என்ற இரு விஞ்ஞானிகளும் எலிகளிடம் இதைச் செய்து பார்த்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். முன்னங்காலை நீட்டி உணவை எடுக்க முடியாமற் போயிருந்த எலிகள், உறை அணுக்களை வைத்தபின் மீண்டும் எடுக்கத் தொடங்கின.

எழுந்து நடந்த மனிதர்

2010-ஆம் ஆண்டு போலந்து நாட்டில் ஒருவர் கத்தியால் பலமுறை குத்தப்பட்டார். தண்டுவடம் ஏறக்குறைய முழுவதும் அறுபட்டு, மார்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். பல மாதங்கள் கடும் பயிற்சி செய்தும் பயனில்லை. 2012-ஆம் ஆண்டு வ்ரோட்ஸ்வாஃப் நகரில் பாவெல் தபாகோவ் என்ற அறுவை மருத்துவரின் குழு, ரெய்ஸ்மனின் குழுவோடு சேர்ந்து அவருக்குச் சிகிச்சை அளித்தது. நெற்றிக்குப் பின்னே உள்ள இரு மோப்பக் குமிழ்களில் ஒன்றை எடுத்து, அதிலிருந்த அணுக்களைப் பரிசோதனைச் சாலையில் வளர்த்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு துளி. அதில் சுமார் 5 லட்சம் அணுக்கள். அவற்றைக் காயத்திற்கு மேலும் கீழுமாக ஏறத்தாழ 100 நுண்ணிய ஊசிகளால் செலுத்தினார்கள். இடையிலிருந்த 8 மில்லிமீட்டர் இடைவெளியை, கணுக்காலிலிருந்து எடுத்த 4 நரம்புத் துண்டுகளால் பாலம்போல் இணைத்தார்கள்.

அதன்பின் நாள்தோறும் 5 மணி நேரம், வாரத்தில் 5 நாள்கள் பயிற்சி தொடர்ந்தது. சுமார் 3 மாதங்களில் இடது தொடையில் தசை பிடிக்கத் தொடங்கியது. 6 மாதங்களில் தாங்கிகளின் உதவியோடு முதல் அடிகளை எடுத்து வைத்தார். 2014-இல் செய்தி வெளியானபோது, சட்டகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நடக்கும் நிலைக்கு வந்திருந்தார். மனிதன் சந்திரனில் நடந்ததைவிட இதுவே தமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது என்றார் ரெய்ஸ்மன்.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

இங்கே நாம் ஒன்றை மறக்கலாகாது. நடந்தவர் ஒருவரே. ஒருவர் குணமடைந்ததை வைத்து எல்லாரும் குணமடைவர் என்று சொல்ல முடியாது எனப் பல விஞ்ஞானிகள் அப்போதே எச்சரித்தார்கள். இன்றும் இது மருத்துவமனைகளில் கிடைக்கும் சாதாரணச் சிகிச்சை அன்று. ஆகவே, ‘அறுந்த நரம்பை ஒரே மாதத்தில் சேர்த்துத் தருகிறோம்’ என்று யாரேனும் விளம்பரம் செய்தால், அதை நம்பி வீட்டையும் நிலத்தையும் விற்றுவிடக் கூடாது. நம்பிக்கை வேறு, ஏமாறுவது வேறு.

நம்மால் செய்யக்கூடியதும் உண்டு. விழுந்து கிடப்பவருக்குக் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், பதற்றத்தில் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தல் ஆகாது. நெருப்பு போன்ற ஆபத்து அருகில் இல்லையெனில், தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொண்டு உதவி வரும்வரை காத்திருக்க வேண்டும். தவறாகத் தூக்கினால் அரைகுறையாகத் தப்பிய தண்டுவடமும் கெட்டுவிடலாம்.

படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்றான் பாரி வள்ளல் என்று படித்திருக்கிறோம். ‘இது வாடிப்போன கொடி’ என்று பலரும் விலகிச் சென்ற இடத்தில் நின்று, ‘இதற்கு வேண்டியது ஒரு கொம்புதான்’ என்று கண்டவர் ரெய்ஸ்மன். அந்தக் கொம்பு எல்லார்க்கும் எட்டும்படி செய்யும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதைச் செய்யப் போகிறவர்களில் ஒருத்தி, இன்று உயிரியல் வகுப்பில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியாகவும் இருக்கலாம்.