காற்றைத் தின்னும் ஓவியங்கள்

கண்ணாடித் துண்டு ஒன்றில் தேங்காய் எண்ணெயைத் தடவுங்கள். இன்னொன்றில் ஆளிவிதை எண்ணெய். சில வாரம் கழித்துப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். ஆளிவிதை எண்ணெயோ தோல் பிடித்து, விரலில் ஒட்டாத படலமாகியிருக்கும். தைல ஓவியம் என்ற கலையே இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

"காய்ந்துவிட்டது" என்கிறோமே, அந்தச் சொல் இங்கே சரியில்லை. ஈரத்துணி காய்ந்தால் எடை குறையும். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது முதலில் எடை கூடுகிறது! அதன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றின் ஆக்சிஜன் அவற்றில் வந்து தொற்ற, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. வண்ணத்தூள் அந்த வலையில் மாட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெயில் இத்தகைய பிணைப்பு மிகக் குறைவு. நிஜமாகவே ஆவியாகிப் போவது, கலப்பதற்கு ஊற்றும் டர்பன்டைன்தான்.

மேல்பூச்சு சீக்கிரம் இறுகி, அடிப்பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருந்தால் படம் வெடிக்கும். எண்ணெய் கூடினால் இறுகத் தாமதமாகும். அதனால்தான் அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போகக் கூடுதலாகப் பூசுகிறார்கள். நிறத்துக்கு நிறம் வேகமும் மாறும். அம்பர் என்ற பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் அது முந்திக்கொள்ளும்.

எண்ணெய் மெதுவாக இறுகும் இந்த மந்தம் ஓவியருக்கு வரம். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, அங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் இளையராஜா, 2021இல் கொரோனாவில் இறந்தார். அவர் வரைந்த கிராமத்துப் பெண்களின் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. நேற்றுப் பூசியதை இன்றும் தூரிகையால் இழைக்க முடிந்தால்தான் அந்தக் குழைவு வரும். சட்டென்று காயும் அக்ரிலிக்கில் அதற்குப் படாத பாடு படவேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், சித்தன்னவாசல் குகைக் கூரையில் எண்ணெயே இல்லாத ஓவியம் இருக்கிறது. தாமரைக்குளம், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்குகையைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இங்கே வண்ணத்தைப் பிடித்துவைப்பது சுண்ணாம்பு. அதுவும் காற்றைத்தான் தின்கிறது. ஆனால் ஆக்சிஜனை அல்ல, கரியமில வாயுவை. காளவாயில் சுட்டபோது இழந்த வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடுகிறது. பாறைமேல் வரைந்தவர்கள் படத்தையும் பாறையாக்கிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

ஆனாலும் கைக்கெட்டாத கூரையில் மிஞ்சிய அளவுக்கு, கைக்கெட்டும் தூணில் வரைந்த ஆடும் பெண்கள் மிஞ்சவில்லை. நம் விரலில் ஒட்டியிருக்கும் எண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி காயாத ஜாதி. தூசியையும் அழுக்கையும் விடாமல் பிடித்து வைக்கும். அங்கே போகிறவர்கள் தயவுசெய்து தூணைத் தொடாமல் பாருங்கள்.