உங்களுக்குத் தெரியுமா? ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசிக்கவில்லை

ரோம் எரிந்தபோது பேரரசன் நீரோ பிடில் வாசித்தான் என்று மேடைதோறும் சொல்கிறோம். கி.பி. 64 ஜூலையில் அந்தத் தீ மூண்டபோது பிடில் என்ற கருவியே கிடையாது. அவன் மீட்டியது யாழ் போன்ற கித்தாரா. கருவியை மாற்றினால் கதை உண்மையாகிவிடுமா என்றால், ஆகாது. தீ தொடங்கியபோது அவன் கடலோர ஊரான ஆன்டியத்தில் இருந்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிடஸ். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான் என்றும் எழுதுகிறார். டாசிடஸ் அப்போது சிறுவன்தான். ஆனாலும் நீரோவைக் கடுமையாகச் சாடிய அவரே இதைச் சொல்வதால் அந்தச் சாட்சியத்துக்கு எடை கூடுகிறது. டிராய் நகரின் அழிவை அவன் பாடியதாகச் சொல்லப்படுவதை அவர் வதந்தி என்றே குறிக்கிறார். அதை நடந்த செய்தியாகவே எழுதிய சூட்டோனியஸும் காசியஸ் டியோவும் தீக்குப் பின் பிறந்தவர்கள்.

எரிந்த நிலத்தில் அவன் பொன் மாளிகை எழுப்பிக்கொண்டானே, அப்படியானால் தீ வைத்தவனும் அவன்தானே என்று கேட்கலாம். ஆதாயம் அடைந்தது உண்மை. குற்றத்துக்கு அது மட்டும் சான்றாகாது. தீ தொடங்கியது சர்க்கஸ் மாக்சிமஸ் அருகேயிருந்த கடைகளில். அவனுடைய சொந்த அரண்மனையும் அதில் எரிந்தது. இதனால் நீரோ நல்லவனாகிவிட மாட்டான். தாய் அக்ரிப்பினாவைக் கி.பி. 59-இல் கொல்லச் செய்தவன் அவன். தீயின் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தி அவர்களைக் கொடூரமாகக் கொன்றவனும் அவன்தான் என்று அதே டாசிடஸ் பதிந்திருக்கிறார்.