ஒரே கஷ்டம்... ஒரு பிள்ளை தாங்குகிறது, இன்னொன்று தடுமாறுகிறது. ஏன்?

விடியுமுன்னே மலேசியாவின் கெலாங் பாத்தாவைக் கடந்து, 1998இல் திறந்த இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிள்கள் விரைகின்றன. அப்பா போனபின் எழும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனாலேயே அவர்கள் கெட்டுப்போகிறார்களா? இல்லை.

வீட்டு மின்பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு விசிறியைச் செருகினால் ஒன்றும் ஆகாது. இஸ்திரிப்பெட்டி, சோற்றுப்பானை, தண்ணீர் சூடாக்கி என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள், பியூஸ் போய்விடும்.

பிள்ளை மனமும் ஏறக்குறைய அப்படித்தான். வறுமை, பெற்றோரின் ஓயாத சண்டை, அம்மாவின் மனநோய், குடி: இவை சேரச்சேர உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்க்கிறது. தூக்கம் கெடுகிறது. பாடத்தில் நிற்கவேண்டிய கவனம் காவலுக்குப் போய்விடுகிறது. நாம் அதைச் 'சேட்டை' என்கிறோம், 'சோம்பல்' என்கிறோம். எனக்கு அந்த இரண்டு சொல்லுமே பிடிப்பதில்லை.

கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த ஹவாயின் கவாய் தீவில், 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தடுமாறினார்கள். மற்றவர்கள்? நல்லபடியாக வளர்ந்தார்கள்.

அவர்களுக்குப் பெரும்பாலும் யாரோ ஒருவர் இருந்தார்: பாட்டி, அத்தை, ஓர் ஆசிரியர்.

உங்கள் வீட்டு வரிசையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால், இன்று கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.