சர்வர் பின்னே, நம்பர் முன்னே

ஐபிஎம் பவர் மெஷின்ல விர்ச்சுவல் சர்வர் உருவாக்குறது சில நிமிஷ வேலை. டிஸ்க் கைக்கு வரத்தான் நாள்கணக்கா ஆகுதுன்னு நிறைய பேர் புலம்புறாங்க. ஸ்டோரேஜ் டீம் ஜோனிங் பண்ண, சர்வரோட டபிள்யூ.டபிள்யூ.பி.என். வேணும். ஃபைபர் சேனல் நெட்வொர்க்கில் ஒரு போர்ட்டை அடையாளம் காட்டும் 64 பிட் எண் அது. விர்ச்சுவல் அடாப்டரை உருவாக்கும்போதுதான் ஹைப்பர்வைசர் அதைத் தரும். அதனால ஓஎஸ் போடுற நாள் வரைக்கும் காத்திருக்காம, அடாப்டரை முன்கூட்டியே உருவாக்கி எண்களை வாங்கிக் கொடுத்துடுங்க.

'எண்கள்'னு பன்மையில சொல்றேன், கவனிங்க. ஒவ்வொரு அடாப்டருக்கும் 2 எண் வரும். வழக்கமா ஒண்ணுதான் வேலை செய்யும். ஓடிக்கிட்டிருக்கிற சர்வரை வேற மெஷினுக்கு நகர்த்தும்போது, அங்கே இன்னொண்ணு லாகின் ஆகும். முதல் எண்ணை மட்டும் ஜோன்ல சேர்த்தாலும் சர்வர் ஜோரா ஓடும். மெயின்டனன்ஸ் ராத்திரி நகர்த்தப் பார்க்கும்போதுதான் மாட்டுவோம். என்னைக் கேட்டா, ரெண்டு எண்ணும் இல்லாத டிக்கெட்டை ஸ்டோரேஜ் டீம் திருப்பி அனுப்பிடணும்.

சர்வர் இன்னும் ஓடலையே, ஸ்விட்ச்ல எண்ணே தெரியலையேன்னு அவங்க கேட்பாங்க. விஐஓஎஸ் மேப்பிங் முடிஞ்சிருந்தா, எச்எம்சி-ல 'சிஎச்என்போர்ட்லாகின்' கமாண்டு ரெண்டையும் லாகின் பண்ண வைக்கும்.

அப்படி எடுத்து வெச்ச அடாப்டரை 'சும்மாதானே கிடக்கு'ன்னு யாரும் அழிச்சிடக் கூடாது. ஹைப்பர்வைசர் அந்த எண்களைத் தானா மறுபடி தராது. புது அடாப்டர் புது எண்களோடதான் வரும். ஜோனிங்கை முதல்லேர்ந்து பண்ணணும்.