பட்டாளம் போன போலீஸ்காரர் திரும்பி வரலாமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் சீருடைகளுக்குப் பஞ்சமில்லை. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவலர் உயர் பயிற்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே நெடுங்குன்றத்தில், கறுப்புப் பூனைகள் என்று நாம் சொல்லும் என்.எஸ்.ஜி. படையின் மண்டல மையம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். மாவட்டத்தின் வடக்கு விளிம்பை ஒட்டிப் பரங்கிமலையில், 1963 முதல் ராணுவ அதிகாரிகளை உருவாக்கிவரும் பயிற்சி அகாடமி. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் வாசலில் சி.ஐ.எஸ்.எஃப்., மாமல்லபுரம் கடலில் ரோந்து போகும், காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இவ்வளவு நெருக்கமாக இருந்தும், போலீசுக்கும் பட்டாளத்துக்கும் நடுவே உள்ள சாலை ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவர் போலீசுக்கு வரலாம்; அவருக்குக் காவலர் தேர்வில் தனி ஒதுக்கீடு உண்டு, வயதுச் சலுகையும் உண்டு. போலீசில் இருப்பவர் சில ஆண்டுகள் ராணுவத்துக்குப் போய்விட்டுத் தன் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால் உறுதியான வழி ஏதுமில்லை. அப்படி ஒரு வழியை அரசு திறக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

போகிறவர் எதை இழக்கிறார் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்பவர் பத்து ஆண்டு முடித்தால் முதல் நிலைக் காவலர் ஆவார். அதன்பின் தலைமைக் காவலர், பிறகு சிறப்பு எஸ்.ஐ. என்று பணிக்காலத்தை வைத்தே ஏறிப் போவார். பதினெட்டு வயதில் தேர்வாகி, பயிற்சி முடித்து, ஆயுதப்படையில் பாராவும் பந்தோபஸ்தும் பார்த்த ஒருவர் இருபத்தொரு வயதில், அக்னிபத் எனும் நான்கு ஆண்டு ராணுவப் பணித் திட்டத்தில் அக்னிவீரராகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு கழித்து அவர் திரும்பும்போது, அவரோடு சேர்ந்த பேட்ச்காரருக்கு ஏழு ஆண்டு சர்வீஸ் ஆகியிருக்கும். இன்னும் மூன்றே ஆண்டில் முதல் நிலை. இவர் மறுபடி தேர்வு எழுதி, மறுபடி ஓட்டமும் கயிறேற்றமும் முடித்து, மறுபடி பயிற்சிப் பள்ளிக்குப் போய், பூஜ்ஜியத்திலிருந்து பத்து ஆண்டை எண்ண வேண்டும். ஏற்கெனவே படித்த சட்டத்தையும் கவாத்தையும் அரசு இன்னொரு தடவை செலவு செய்து சொல்லிக்கொடுக்கும். இதில் லாபம் யாருக்கு என்று தெரியவில்லை.

முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் வந்துவிடலாமே என்று கேட்கலாம். நீண்ட காலம் பணியாற்றி ஓய்வூதியத்தோடு வருபவருக்கு அது சரி. ஆனால், இன்றைய மத்திய அரசு வரையறைப்படி நான்கு ஆண்டில் வெளியே வரும் அக்னிவீரர் ‘முன்னாள் ராணுவத்தினர்’ என்ற தகுதியைப் பெறுவதில்லை. சேவா நிதியாக வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும்; ஓய்வூதியம் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு என்று முதலில் அறிவித்தார்கள். உத்தரப்பிரதேச அமைச்சரவை 2025 ஜூனில் தன் காவலர் பணியிடங்களில் 20 சதவீதத்துக்கு ஒப்புதல் தந்தது. இவையெல்லாம் புதிதாக நுழைபவருக்கான கதவுகள். ஏற்கெனவே உள்ளே இருந்து போனவரைப் பற்றி இவை பேசுவதில்லை.

விதிப் புத்தகத்தில் இதற்கான கருவி இல்லாமலும் இல்லை. அரசு அலுவலகங்களில் ‘லீன்’ என்று சொல்வார்கள்: நிரந்தரமான ஓர் அரசு ஊழியர் வேறு அரசு வேலைக்குப் போனாலும், பழைய பதவியின் மீது அவருக்கு உள்ள உரிமை குறிப்பிட்ட காலம் வரை உயிரோடு இருக்கும். மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தக் காலம் பொதுவாக இரண்டு ஆண்டு, விதிவிலக்காக மூன்று. மேலதிகாரி வழியாக விண்ணப்பித்து, அனுமதி பெற்று, இன்ன பணியில் சேர்வதற்காக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதை ‘டெக்னிகல் ரெசிக்னேஷன்’ என்று தனியாகவே வகைப்படுத்தி, 2016 ஆகஸ்டில் அந்த உத்தரவுகளை எல்லாம் மத்தியப் பணியாளர் துறை ஒன்றாகத் தொகுத்தது. சாதாரண ராஜினாமாவில் கழிந்துபோகும் பழைய பணிக்காலம் இதில் கழிவதில்லை. குறை எங்கே என்றால், இரண்டு மூன்று ஆண்டு என்ற அளவு ஒரு குமாஸ்தா துறை மாறுவதற்குப் போதும். நான்கு ஆண்டு அக்னிபத்துக்கும் போதாது, குறைந்தது பத்து ஆண்டு கேட்கும் குறுகிய காலப் பணி அதிகாரிக்கும் போதாது. தகுதிகாண் பருவம் முடியாத இளம் காவலருக்கு அதுவும் இல்லை. பட்டாளத்துக்குப் போக வயது உள்ளவர் பெரும்பாலும் அந்த இளம் காவலர்தான்.

இரண்டு சீருடைகளும் ஒட்டாது என்பவர்கள் நெடுங்குன்றத்தைப் பார்க்கட்டும். 1984-இல் உருவான என்.எஸ்.ஜி., உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. அதன் தாக்குதல் பிரிவினர் ராணுவத்திலிருந்தும், மற்றவர்கள் காவல் படைகளிலிருந்தும் டெபுடேஷனில் வருபவர்கள். சில ஆண்டுகள் ஒரே முகாமில் இருந்துவிட்டு, அவரவர் தாய்ப் படைக்கே திரும்பிவிடுகிறார்கள்; சீனியாரிட்டி எங்கும் போய்விடுவதில்லை. ஆக, ராணுவ வீரர் உள்துறைப் படைக்கு வந்து திரும்புவது நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வாடிக்கை. எதிர்த்திசைக்கு மட்டும்தான் பலகை வைக்கவில்லை.

அதைவிட வேடிக்கை பிராந்திய ராணுவம். வேலையில் இருந்தபடியே ஆண்டுக்குச் சில வாரம் ராணுவப் பயிற்சி பெற்று, அழைத்தால் போய், முடிந்ததும் பழைய வேலைக்குத் திரும்பும் படை இது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம், அப்படிப் போனவரைத் திரும்ப வேலையில் அமர்த்தும் கடமையை முதலாளியின் தலையில் வைக்கிறது. 1949 அக்டோபர் 9-இல் இந்தப் படையைத் தொடங்கிவைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. சேப்பாக்கத்தில் ‘தல’ என்று கொண்டாடப்படும் தோனி கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பதும் இதில்தான். வங்கி ஊழியர் சேரலாம், வக்கீல் சேரலாம், ஆசிரியர் சேரலாம். போலீஸ்காரர் சேர முடியாது. அதிகாரிகளுக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே பணியில் இருக்கும் காவல் துறையினருக்குத் தகுதியில்லை என்று போட்டுவிடுகிறார்கள். காரணம் புரியக்கூடியதே: போர் வந்தால் உள்ளூரில் போலீஸ் தேவை அதிகமாகுமே தவிரக் குறையாது. ஆனால், போர் இல்லாத காலத்துக்கும் அதே தடையை நீட்டிவைத்திருப்பதற்கு அந்தக் காரணம் போதாது.

நெருக்கடி வந்தபோது இந்த நாடு தாராளமாக நடந்துகொண்டதும் உண்டு. 1962 சீனப் போரின்போது அக்டோபர் 26-இல் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, அவசர கமிஷன் என்ற பெயரில் ஏராளமான இளைஞர்கள் அதிகாரிகளாக எடுக்கப்பட்டார்கள். பரங்கிமலைப் பள்ளி அந்த அவசரத்தில் பிறந்ததுதான். ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்குப் பிறகு ஐ.பி.எஸ். உட்பட சிவில் பணிகளில் இடம் ஒதுக்கினார்கள். பஞ்சாப் அரசு 1965-இல் ஒரு விதியே கொண்டுவந்தது: அவசர நிலைக் காலத்து ராணுவப் பணி, பின்னால் மாநிலப் பணியில் சேரும்போது சம்பள உயர்வுக்கும் சீனியாரிட்டிக்கும் ஓய்வூதியத்துக்கும் சேர்த்து எண்ணப்படும். பின்னாளில் பஞ்சாபிலிருந்து பிரிந்த ஹரியானாவின் அரசு அந்தச் சலுகையை முன்தேதியிட்டுக் குறைக்கப் பார்த்தபோது, முன்னாள் கேப்டன் கே.சி. அரோரா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் அதைச் செல்லாது என்றது. வாக்குறுதியை நம்பிப் போனவரிடம் திரும்பி வந்தபின் பேச்சு மாற்றக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இவர்கள் போலீஸ் வேலையை விட்டுப் போனவர்கள் அல்லர் என்பது உண்மை. இருந்தாலும், ராணுவத்தில் கழித்த ஆண்டுகளை மாநில அரசின் சீனியாரிட்டிக் கணக்கில் சேர்ப்பது நம் சட்டத்துக்குப் புதிதில்லை என்பதற்கு இது போதும்.

அமெரிக்காவில் இதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ராணுவத்துக்குப் போகிறவர் மொத்தம் ஐந்து ஆண்டு வரை போய் வரலாம்; திரும்பினால், போகாமலே இருந்திருந்தால் எந்தப் படியில் நின்றிருப்பாரோ அந்தப் படியில் நிறுத்த வேண்டும். அங்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. டெக்சாஸ் மாநிலப் போலீஸ்காரரான லெராய் டோரஸ், ராணுவ ரிசர்வ் வீரராக 2007-இல் ஈராக் போனார். குப்பை எரிகுழிகளின் புகையில் நுரையீரல் கெட்டுத் திரும்பியவர், பழைய ரோந்துப் பணியைப் பார்க்க உடம்பு இடம் கொடுக்காததால் வேறு பணி கேட்டார். தகராறு வழக்காகி, மாநில அரசு தன்மேல் வழக்கே போட முடியாது என்று வாதாடியது. 2022 ஜூன் 29-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் டோரஸ் வழக்குத் தொடரலாம் என்றது. சட்டம் இருந்தே இவ்வளவு இழுபறி என்றால், சட்டமே இல்லாத இடத்தில் ஒரு காவலர் எதை வைத்து வாதாடுவார்?

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். ஏற்கெனவே ஸ்டேஷன்களில் ஆள் பற்றாக்குறை, இதில் இருப்பவரையும் அனுப்புவதா என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால், போக வேண்டுமென்று முடிவு கட்டியவர் இன்றும் ராஜினாமா எழுதிவிட்டுப் போகத்தான் செய்கிறார். அப்போது துறை அவரை நிரந்தரமாக இழக்கிறது. ஒரு மாவட்டத்திலிருந்து ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வைத்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அங்கேயே இருந்து வேலை பார்த்த பேட்ச்காரருக்கு அநீதி ஆகாதா என்பது அடுத்தது. சம்பள உயர்வுக்கும் மொத்தப் பணிக்காலத்துக்கும் ராணுவ ஆண்டுகளை எண்ணிக்கொண்டு, பதவி உயர்வுக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு ஸ்டேஷன் பணி கட்டாயம் என்று வைத்தால், இருவருக்கும் பெரிய குறை வராது.

மூன்றாவது எதிர்ப்புதான் கனமானது. ராணுவம் எதிரியை எதிர்கொள்ளப் பழக்குகிறது. போலீஸ் குடிமக்களோடு பழக வேண்டியது. துப்பாக்கியோடு எல்லையில் நின்றவரைத் திருக்கழுக்குன்றம் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராணுவத்தில் இருந்து வந்தால் நல்ல போலீஸ் ஆகிவிடுவார் என்ற பொதுநம்பிக்கை எனக்கும் இல்லை. அதே சமயம், 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்ததைப் பட்டாளத்தின் தலையில் யாரும் கட்ட முடியாது. லாக்கப் கொடுமை துறைக்குள்ளேயே விளைந்த நோய். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினரை ஒதுக்கீடு கொடுத்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். போலீஸ் வேலையே தெரியாமல் வருபவரை ஏற்பவர்கள், கைது விதிகளையும் எஃப்.ஐ.ஆரையும் ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவரைக் கண்டு ஏன் தயங்க வேண்டும்? திரும்புபவருக்கு ஊனமாஞ்சேரியிலோ மாவட்டப் பயிற்சிப் பள்ளியிலோ மூன்று மாத மறுபயிற்சியும் மனநலப் பரிசோதனையும் கட்டாயமாக்கலாம். தேறாதவரை எடுக்க வேண்டியதில்லை.

கிடைக்கும் பலன் மாமல்லபுரம் கடலில் நன்றாகவே தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-இல் தொடங்கப்பட்டது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடல் வழியாக வந்த பிறகு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் நம் கரையில் கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின. 5 டன், 12 டன் அதிவேகப் படகுகள் வந்தன. படகு வந்துவிட்டது, ஓட்டத் தெரிந்த போலீஸ்காரர் வரவில்லை. ஆகவே, கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் ஓய்வு பெற்றவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அலையும் என்ஜினும் தெரியும். கைது செய்வதும் மகஜர் எழுதுவதும் அவர்கள் வேலையில்லை. கூடப் போகும் காவலருக்குச் சட்டம் தெரியும்; மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரையில் வளர்ந்தவராக இருந்தால், கொக்கிலமேட்டைத் தாண்டியதும் குமட்டல்தான் தெரியும். நான்கு ஆண்டு கடற்படையில் இருந்து திரும்பும் காவலர் ஒருவர் இருந்தால் இரண்டு ஆள் வேலையும் ஒருவரிடமே இருக்கும். இதில் ஒரு முரண் உண்டு: மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர்வதற்கு இதே குழுமம் இலவசப் பயிற்சி கொடுக்கிறது. நல்ல திட்டம். அந்தச் சலுகையில் ஒரு பங்கைத் தன் சொந்தக் காவலர்களுக்கும் கொடுக்கலாம்.

அக்னிபத்தின் முதல் அணி 2022 இறுதியில் சேர்ந்தது. நான்கு ஆண்டு 2026 இறுதியில் முடிகிறது. அவர்களில் நால்வரில் ஒருவர் வரைதான் ராணுவத்தில் நீடிப்பார்கள். தமிழ்நாடு அரசுக்கு இது சரியான நேரம். லீன் காலத்தை ராணுவப் பணிக்கு மட்டும் ஐந்து ஆண்டாக்கி, தகுதிகாண் பருவத்தில் உள்ளவருக்கும் பொருந்தும்படி ஓர் அரசாணை போட்டால் போதும். புதிய சட்டம்கூடத் தேவையில்லை. அது வரும்வரை, போக நினைக்கும் காவலர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பத்தை எஸ்.பி. அலுவலகம் வழியாகவே அனுப்புங்கள், தடையின்மைச் சான்றைக் கையில் வாங்கிய பிறகே தேர்வுக்குப் போங்கள். ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதாதீர்கள். இன்ன படையில் சேர்வதற்காக, துறை அனுமதியோடு விலகுகிறேன் என்று தேதியோடு எழுதி, அலுவலக முத்திரை விழுந்த நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.