புதையல் யாருக்குரியது? ரின்ரின் சித்திரக்கதை பற்றிய ஒரு நோக்கு

சித்திரக்கதை ஆய்வுக்குரிய பொருளன்று என்ற எண்ணம் நம்மிடையே வலுவாகவே இருந்து வந்துள்ளது. எனினும், ஒரு சமூகம் தன் சிறுவர்க்கு எதனைச் சாகசமெனக் காட்டுகின்றது என்பதை அறிய இதனினும் வாய்ப்பான சான்று அரிது. பெல்ஜிய ஓவியர் ஹேர்ஜேயின் ரின்ரின் வரிசையில் 'யூனிக்கோர்ணின் இரகசியம்', 'சிவப்பு ரக்கமின் புதையல்' ஆகிய இரண்டும் ஒரே கதையின் இரு பகுதிகளாகும்.

இவை 1942, 1943 ஆம் ஆண்டுகளில் பிறசல்ஸ் நகரின் 'லெ சுவார்' நாளிதழில் தொடராக வெளிவந்தன. நாடு அப்போது நாசி ஜேர்மனியின் ஆக்கிரமிப்பிலிருந்தது. இதழும் அவர்தம் கட்டுப்பாட்டிலேயே நடந்தது. 1930களில் 'நீலத்தாமரை' வாயிலாகச் சீனாமீதான யப்பானிய ஆக்கிரமிப்பைச் சாடிய அதே ஓவியர் இங்கே கடலிலும் கடந்தகாலத்திலும் புகலிடம் தேடினார். 1944இல் பெல்ஜியம் விடுதலை பெற்றபின், அவ்விதழிற் பணியாற்றியமைக்காக அவர் கைதாகி விசாரிக்கப்பட்டார் என்பதையும் இங்கு நினைவுகொள்ளல் வேண்டும்.

கதையின் கட்டமைப்பு வியக்கத்தக்கது. மூன்று மாதிரிக் கப்பல்களின் பாய்மரங்களுள் மூன்று தோற்சுருள்கள். ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒளிக்கெதிரே பிடித்தால் ஓரிடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தோன்றும். குறித்த இடத்திலோ தீவில்லை. கப்ரன் ஹடொக்கின் மூதாதை பதினான்காம் லூயி மன்னனின் கடற்படையைச் சேர்ந்தவர். அவர் கிறீன்விச்சிலிருந்தன்றிப் பரிஸ் நெடுங்கோட்டிலிருந்தே கணித்திருப்பார் என ரின்ரின் உணர்கின்றான். (ஆங்கில மொழிபெயர்ப்பில் அம்மூதாதை ஆங்கிலேயராக மாற்றப்பட்டமையால் இவ்விடம் சற்று இடறுகின்றது.) பரிஸ் கிறீன்விச்சுக்குக் கிழக்கே இரண்டு பாகைக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது, ஆகவே கப்பல் மேற்கே அளவுமீறிச் சென்றுவிட்டது. தலைமை நெடுங்கோடு இயற்கை தந்ததன்று, அரசுகள் வகுத்துக்கொண்டது என்ற உண்மை ஒரு சிறுவர் கதையில் இத்துணை எளிதாக விளக்கம் பெறுகின்றது.

தீவிற் புதையல் இல்லை. அங்குள்ளவை மூதாதையின் உருவில் தீவுவாசிகள் செதுக்கிய சிலையும், அவரது வசைமொழிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கும் கிளிகளுமே. இக்காட்சியிற் சிரியாதார் இலர். ஆயினும் அம்மக்கள் கதையில் ஓரிடத்தேனும் நேரிற் தோன்றுவதில்லை. அவர்தம் மொழியில் ஒரு சொல்லும் நமக்குக் கேட்பதில்லை. ஐரோப்பியனின் வசைமொழி மட்டுமே எஞ்சியுள்ளது.

புதையலின் மூலமும் இவ்வாறே மறைக்கப்படுகின்றது. கடற்கொள்ளையன் ரக்கம் அதனை ஒரு ஸ்பானியக் கப்பலிலிருந்து பறித்தான் என்பதோடு கதை நின்றுவிடுகின்றது. ஸ்பானியக் கப்பல்கள் சுமந்த செல்வம் எங்கிருந்து வந்தது? பொத்தோசிச் சுரங்கத்தில் சுதேச மக்கள் கட்டாய வேலையால் அகழ்ந்த வெள்ளியின் வரலாறு நாமறிந்ததே. கொள்ளையனிடமிருந்து மீட்டவனுக்கே பொருள் உரியது என்ற நியாயம், முதற் கொள்ளையை வினவாதவிடத்து மாத்திரமே நிற்கக்கூடியது.

இறுதியிற் புதையல், மன்னன் அம்மூதாதைக்கு வழங்கிய மாலின்ஸ்பைக் மாளிகையின் நிலவறையில், ஒரு பூகோள உருண்டைக்குள்ளிருந்து கிடைக்கின்றது. அம்மாளிகையை மீட்க உதவிய பணம் பேராசிரியர் கல்குலஸ் தமது நீர்மூழ்கியின் காப்புரிமையை விற்றுப் பெற்றது. அறிவியலின் வருவாய் நிலப்பிரபுத்துவச் சொத்தை அதன் வாரிசிடமே சேர்ப்பிக்கின்றது. ஹடொக் மாளிகைவாசியாகின்றார், கடலிலிருந்து மீட்ட பொருள்கள் அம்மாளிகையின் மண்டபத்திலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன.