நான்கு லீற்றரும் ஒரு கிழமையும்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய் வழியாகக் காரைநகரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே சண்டிலிப்பாய் அமைந்துள்ளது. நகரத்துக்கும் இவ்வூருக்கும் இடையே பத்துப் பதினொரு கிலோமீற்றர் தூரம் இருக்கும். அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மருத்துவமனைக்கும் நாள்தோறும் இவ்வழியே சென்று மீள்வோர் பலர். அவர்களுட் பெரும்பாலார்க்கு மோட்டார் சைக்கிளே துணை. அண்மைக் காலத்தில் இளைஞர் பலர் பந்தய வண்டியின் சாயலில் அமைந்த வேகமான மோட்டார் சைக்கிள்களை விரும்பி வாங்குகின்றனர். அத்தகைய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தினால் எரிபொருட் செலவு எவ்வாறாகும் என்பது ஆராயத்தக்கது.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று என்பதை 2022 ஆம் ஆண்டு இலங்கை மக்களுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. யூலை மாதத்தில் கியூ. ஆர். குறியீட்டு முறை அறிமுகமாகியது. அதன் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் மட்டுமே ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு பின்னர் உயர்த்தப்பட்டு, 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி அம்முறை நீக்கப்பட்டது. ஆயினும் அந்த 4 லீற்றர் என்னும் அளவு, வண்டியின் இயல்பை அளந்து பார்க்க நல்ல உரைகல்லாகும்.

சண்டிலிப்பாயிலிருந்து நகரத்துக்குச் செல்லும் ஓர் எழுதுவினைஞரை எண்ணிக்கொள்க. போக 11, வர 11 எனக் கொண்டால், ஐந்து நாட்களுக்கு 110 கிலோமீற்றர் ஆகும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டி அவரிடம் இருந்தால் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் போதும். எஞ்சும் ஒன்றரை லீற்றரில் மேலும் 70 கிலோமீற்றர் ஓடலாம். லீற்றருக்கு 30 கிலோமீற்றர் ஓடும் வண்டியாயின் மூன்றே முக்கால் லீற்றர் அளவில் முடிந்துவிடும். எஞ்சுவது பத்துக் கிலோமீற்றருக்கே போதும். 25 கிலோமீற்றர் மட்டும் ஓடும் வண்டிக்கோ 4.4 லீற்றர் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அவர் வண்டியை உருட்டிக்கொண்டே வீடு சேரவேண்டியதுதான்.

வேக வண்டி ஏன் இவ்வாறு மிகுதியாக உண்கிறது? அதன் இயந்திரம் மிகுந்த சுழற்சியில் நின்று வலுத் தரும்படி வகுக்கப்பட்டது. வாயில்கள் திறந்து மூடும் நேரம் அதற்கேற்ப அமைந்திருக்கும். மானிப்பாய்ச் சந்தியிலே மெல்ல ஊரும்போது அவ்வமைப்புப் பயன் தருவதில்லை. மேலும், பெரிய இயந்திரத்தை மெதுவாக ஓட்டும்போது காற்று வரும் வழி பெரும்பாலும் அடைபட்டே இருக்கும். அடைத்த மூக்கினால் மூச்சிழுப்பவனைப் போல, உந்தி அந்த ஒடுங்கிய வழியூடாகக் காற்றை இழுக்கவே தன் வலுவிற் பகுதியைச் செலவிடுகிறது. அகன்ற ரயரும் கூடிய எடையும் தம் பங்கைக் கேட்கின்றன. உயர்ந்த அமுக்க விகிதம் எரிபொருளின் பயனைக் கூட்டும் என்பது உண்மையே. ஆயினும் மெதுவான ஓட்டத்தில் அந்த ஆதாயம் மற்றை இழப்புக்களுக்கு ஈடாவதில்லை.

உயர் அமுக்கத்தின் மற்றொரு விளைவைக் குடாநாட்டின் பழைய அனுபவம் விளக்கும். 1990 ஆம் ஆண்டின் பின் இங்கே பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் பரவியது. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாகலின் அந்தச் சில துளி வேண்டப்பட்டது. அக்காலத்துச் சிறிய வண்டிகள் குறைந்த அமுக்கத்தில் ஓடியமையால், கரியும் புகையும் பெருகினும் ஒருவாறு தாங்கின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகத் தாழ்ந்தது. உயர் அமுக்க இயந்திரத்தில் அது காலந்தவறி வெடித்துத் தட்டும், உந்தியே பழுதாகும். ஆகவே வேக வண்டி, நெருக்கடிக் காலத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாத வண்டி எனலாம்.

வண்டியை மாற்ற இயலாதவர் ஓட்டும் முறையை மாற்றலாம். மேடு பள்ளமற்ற குடாநாட்டுத் தெருக்கள் சிக்கனத்துக்கு வாய்ப்பானவை. இங்கே முதற் பகை காற்று. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 50 கிலோமீற்றர் வேகத்தை 70 ஆக்கினால் எதிர்ப்பு ஏறக்குறைய இருமடங்காகும். ஆனால் 11 கிலோமீற்றர் வழியில் மிஞ்சும் நேரமோ நான்கு நிமிடத்துக்கும் குறைவு. சந்திகளிலே நின்று செல்வதால் அதுவும் முழுமையாகக் கிட்டாது. வயல்வெளியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், 40 இல் ஓடும் வண்டியும் 60 இல் ஓடுவதற்கொப்பான காற்றெதிர்ப்பைத் தாங்கும். ஆகவே காற்று நாட்களில் வேகத்தைத் தணிப்பது அறிவுடைமை.

இரண்டாவது, இயந்திரத்தை அலறவிடாமல் காலத்தோடு மேல் கியருக்கு மாற்றுதல். மூன்றாவது, முன்னே தடை தெரிந்தவுடன் முறுக்கை விட்டுவிடுதல். பிரேக்கில் அழியும் வேகம் முழுவதும் பெற்றோல் கொடுத்து வாங்கியதே. ரயரில் உரிய காற்று, எண்ணெயிட்டு அளவாக இறுக்கிய சங்கிலி, தூய காற்று வடிகட்டி ஆகியவை செலவின்றிப் பயன் தருவன. பலன் உண்டோ என அறிய, தாங்கியை ஒரே அளவு வரை நிரப்பி, ஓடிய தூரத்தை மறுமுறை நிரப்பும் லீற்றரால் வகுத்தல் வேண்டும். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் கணக்குப் பொய்க்காது.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. 110 கிலோமீற்றர் ஓட்டத்தில், லீற்றருக்கு 25 என்பதை 30 ஆக உயர்த்தினால் முக்கால் லீற்றர் அளவு மிஞ்சும். 45 ஐ 50 ஆக உயர்த்தினாலோ கால் லீற்றர்தான் மிஞ்சும். அதாவது, மிகுதியாக உண்ணும் வண்டியை வைத்திருப்பவரே சிக்கனத்தால் மிகுதியாகப் பயனடைவார்.

முக்கால் லீற்றர் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் நள்ளிரவில் காய்ச்சலுற்ற குழந்தையைச் சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று மீள்வதற்கு, 30 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு வேண்டுவது அந்த முக்கால் லீற்றரே. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் பழகிய சிக்கனம், அது கிடையாத காலத்தில் வீட்டுக்குக் காவலாகும்.